மனம் நிற்கவில்லை என்றால் ‘நான்’ தெரியாதா?

லாஸ்பேட்டை வாசகர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே:

“எனக்கு 41 வயது. பத்து வருடமாகக் காலையில் எழுந்து உட்கார்கிறேன். மனம் ஒரு நாள்கூட நின்றதில்லை. மனம் நின்றால்தான் அதற்கு அப்பால் இருக்கிற நான் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு இந்தப் பிறவியில் வாய்ப்பு இல்லையா?”

14 அக்டோபர் 2024, காலை

“மனம் நிற்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஓடிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரிந்தது? பத்து வருடமாக அது ஓடுவதை ஒரு நாள் விடாமல் கண்டுகொண்டே இருந்திருக்கிறீர்கள். அந்தக் கண்டதைக் கணக்கில் சேர்க்காமல் வாய்ப்பு இல்லையா என்று கேட்கிறீர்கள்.

நான் நில அளவையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வரப்புகளில் நடந்தே காலம் போனது. அளக்கப் போகும்போது காற்று நிற்கட்டும் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. பயிர் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆடுகிற பயிருக்குள் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று கையால் விலக்கிப் பார்ப்பதுதான் வேலை.

14 அக்டோபர், இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கடலூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத சங்கதி இது. 1902இல் தென்னாற்காடு கலெக்டர் ஆபீசின் ரெவின்யூ பிரிவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலை போனார். மலைமேல் விருபாட்ச குகையில் ரமணர் இருந்தார். அப்போது அவருக்கு 22 வயது, பேசுவதில்லை. பிள்ளை கேட்கக் கேட்க எழுதிக் காட்டினார். பிள்ளையின் முதல் கேள்வியே ‘நான் யார்?’ என்பதுதான். அந்தப் பதில்களைப் பிள்ளை அச்சில் கொண்டுவந்தது 1923இல்.

தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகர் கடலூர். மஞ்சக்குப்பத்தில் பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த ரெவின்யூ உத்தியோகஸ்தர் ஞாபகம் வரும். நானும் அதே ரெவின்யூ வழியில் வந்தவன் என்பதால் ஒரு ஒட்டுதல்.

பிள்ளைக்குக் கிடைத்த பதிலில் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மனம் அடங்க வழி என்ன என்று கேட்டதற்கு, நான் யார் என்ற விசாரணையால்தான் அடங்கும் என்றார். வரிசையைக் கவனியுங்கள். விசாரணை முதலில், அடங்குவது பின்னால். நமக்குச் சொல்லப்படுவது தலைகீழ். முதலில் மனத்தை நிறுத்து, பிறகு பார் என்கிறார்கள். பத்து வருடம் நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணம் வந்தால் விரட்ட வேண்டாம். இது யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யார்? அவ்வளவுதான் முறை. பதில் தேடி வார்த்தை அடுக்கக் கூடாது. கேட்டதும் கவனம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அங்கேயே நிற்க வேண்டும்.

17 அக்டோபர்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: மனத்துக்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம், மூளை போட்டுக்கொள்கிற வேஷம்தானே எல்லாம்?

தூக்கத்தைப் பாருங்கள். கனவில்லாத தூக்கத்தில் பெயர் இல்லை, வயது இல்லை, வீட்டுக் கடன் இல்லை, மனமே இல்லை. காலையில் எழுந்து “நல்லாத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை” என்கிறோம். ஒன்றும் தெரியவில்லை என்பது தெரிந்தது எப்படி? மனம் இல்லாதபோதும் நான் இருந்தேன் என்பதற்கு இதுவே சாட்சி. வேதாந்திகள் காலங்காலமாகச் சொல்லி வருவது இது.

19 அக்டோபர்

மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வில்லியனூர் அக்கா ஒருவர் நன்றாகப் பிடித்துவிட்டார். “தூங்கினேன் என்பது எழுந்த பிறகு போடுகிற கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து, உடம்பு லேசானதைப் பார்த்து, தூங்கியிருப்பேன் என்று அனுமானிக்கிறோம். இதை எப்படிச் சாட்சி என்கிறீர்கள்?”

இரண்டு நாளாக இதே யோசனை. 2016இல் எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுத்து எண்ணச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணியது ஞாபகம். ஏழு என்று வாயெடுத்தேன், “முடிஞ்சிடுச்சு, கண்ணைத் திறங்க” என்று ஒரு நர்ஸ் கன்னத்தைத் தட்டினார். நடுவில் இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. எனக்கு அது ஒரு நொடிகூட இல்லை. நல்லா இருந்தது என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

அதனால் தூக்கத்தை ஆதாரம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று மட்டும் மிச்சம் நிற்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே உலகமே அறுந்துபோனது. கண் விழித்தவன் ‘நான் யாரோ புதியவன்’ என்று விழிக்கவில்லை. அறுந்த இடம் தெரியாமல் அதே ‘நான்’ தொடர்ந்தது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விசாரிக்க வேண்டிய இடம் இது என்று மட்டும் சொல்லலாம்.

29 அக்டோபர்

இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 86 வயது. நாலு வருடமாக மறதி நோய். முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு அப்பா இறந்துபோனது, இப்போது என் பெயர். தன் பெயரும் போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி கதவைப் பார்க்கிறார்.

போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்கு நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து போனால் அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். “யாரது?” என்றேன். திரும்பிப் பார்க்காமலே, “நாந்தான்” என்றார்.

பெயர் இல்லை, ஊர் இல்லை, பிள்ளை யார் என்று தெரியவில்லை. எல்லாம் கழன்று போன பிறகும் ‘நாந்தான்’ என்கிறார். சந்தேகமே இல்லாத குரல். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்று என்னைக் கூப்பிட்ட காலத்துக் குரலேதான்.

மனத்துக்கு அப்பால் என்று புத்தகங்களில் படித்தது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குமுன் எனக்குச் சிறிதாகத் தெரிந்தது.

30 அக்டோபர்

நேற்று எழுதியதற்குப் பலர் உருகி எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் அம்மா ஞான நிலைக்கு வந்துவிட்டார் என்கிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சாயங்காலம் ஆறு மணியானால் அவர் பயந்து நடுங்குகிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறார். அவர் சொல்கிற வீடு பண்ருட்டிப் பக்கம், எழுபது வருடத்துக்கு முந்தியது. நோய் நோய்தான். நினைவு கரைவதும் மனம் அடங்குவதும் ஒன்றாகாது.

‘நாந்தான்’ என்றது வாய்ப்பழக்கமாகக்கூட இருக்கலாம். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

3 நவம்பர்

லாஸ்பேட்டை சார், முதல் குறிப்பில் பயிரையும் கல்லையும் சொன்னேன் அல்லவா, அந்த உவமை உங்களைத் தப்பான வழியில் அனுப்பிவிடும். கல் என்பது எதிரே கிடக்கிற பொருள். குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். ‘நான்’ அப்படி எதிரே வராது. வருவது எதுவானாலும் அது நான் பார்க்கிற இன்னொரு பொருள்தான்.

இதில் நானே பல வருடம் ஏமாந்தேன். 2009 வாக்கில் எனக்கு ஒரு நிலை கைகூடியது. எண்ணங்கள் ஒருபுறம் போகும், நான் தள்ளி நின்று பார்ப்பேன். சாட்சி பாவம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அமைதியாக இருக்கும். வீட்டில் சண்டை வந்தால்கூட வரப்பில் நிற்கிற மாதிரி நின்று பார்ப்பேன். வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்: “நீங்க பக்கத்துல இருக்கீங்க, ஆனா யாரோ வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு.” அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் தொழிலில் புலப்படம் என்று ஒன்று உண்டு, ஒரு புலத்தை அளந்து வரைந்த படம், எஃப்.எம்.பி. என்போம். அதில் எல்லைக் கோடு இருக்கும், நடுவே ஜி லைன் என்கிற அளவுக் கோடு இருக்கும், கல்லுக்குக் கல் நம்பர் இருக்கும், பக்கத்துப் புல எண்கள் இருக்கும். அளந்தவன் எங்கே நின்றான் என்பது மட்டும் படத்தில் இருக்காது. அவன் நிற்காமல் படமே இல்லை. நான் செய்த தப்பு, படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, இதுதான் அளப்பவன் என்று சொல்லிக்கொண்டது. ‘பார்க்கிறவன்’ என்று நான் பிடித்து வைத்திருந்தது இன்னொரு எண்ணம். கொஞ்சம் நல்ல துணி உடுத்திய எண்ணம்.

அதைப் பிடித்த பிறகுதான் விசாரணை என்றால் என்ன என்றே புரிய ஆரம்பித்தது. சாட்சியாக இருக்கிறேன் என்று சொல்கிறதே, அது யாருக்குத் தெரிகிறது? ரமணர் இதற்குச் சொன்ன உவமை பிணஞ்சுடு தடி. மற்ற விறகையெல்லாம் தள்ளித் தள்ளி எரித்துவிட்டுத் தடியும் கடைசியில் அந்த நெருப்பிலேயே போய்விடும். கெடிலக்கரையில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று அந்தத் தடியைக் கண்ணால் பார்த்தேன். வெட்டியான் முனை கருகிய மூங்கிலால் தள்ளிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது அதையும் உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

10 நவம்பர்

முத்தியால்பேட்டைக்காரர் இன்று சண்டையில்லாமல் வந்திருக்கிறார். புதுச்சேரியில் இதற்கெல்லாம் இடமா பஞ்சம் என்று பட்டியல் போட்டிருக்கிறார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து 1950இல் உடல் நீங்கும் வரை ஊரை விட்டுப் போகாதது, கருவடிக்குப்பம் சித்தானந்தர் சமாதி, எல்லாம். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது குள்ளச்சாமி.

பாரதியார் புதுச்சேரியில் இருந்த 1908–1918 காலத்தில் தெருவில் திரிந்த சாமி அவர். ஒரு நாள் முதுகில் அழுக்குக் கந்தை மூட்டையைச் சுமந்துகொண்டு வருகிறார். இது என்ன கோலம் என்று பாரதி கேட்கிறார். நான் இதை வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பை சுமக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பாரதியே பாட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பதிலை நான் ரொம்ப நாள் கவலைகளை விடு என்று மட்டும் புரிந்துகொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. உள்ளே இருக்கிற பழங்குப்பையில் பெரிய கந்தை, ‘நான் தேடுகிறவன், மற்றவர்கள் தேடாதவர்கள்’ என்பது. முப்பது வருடம் அதைத் துவைக்காமல் சுமந்திருக்கிறேன்.

6 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் வந்ததில் ஒரு வாரமாக எழுத முடியவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் பெண்ணையாற்றுத் தண்ணீர். வீட்டுக்குள் முழங்கால் அளவு. மூன்று நாள் கரண்ட் இல்லை.

அம்மாவைக் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார வைத்திருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி கஞ்சி கொடுத்தேன். வாயில் வைத்துவிட்டு என் முகத்தின்மேலேயே துப்பினார். மறுபடி கொடுத்தேன், தட்டிவிட்டார். கிண்ணம் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அரிசியும் அடுப்பும் எவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றினது என்று எனக்குத்தான் தெரியும். கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன்.

அந்த ஓங்கிய கையில், பயிற்சி என்று எதையும் நினைக்காமலே, யாருக்குக் கோபம் என்ற கேள்வி வந்தது. எனக்கு. ‘எனக்கு’ என்றதும் அதைத் தேடினேன். தேடினேன் என்பதுகூடச் சரியில்லை, கவனம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. கோபம் இருந்தது, சூடு நெஞ்சில் இருந்தது, கை மேலேயே இருந்தது, அதற்குச் சொந்தக்காரர் இல்லை. பட்டாவில் பெயர் இல்லாத நிலம் மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சு இருக்கலாம். பிறகு கை இறங்கியது. கிண்ணத்தைத் தேடி எடுத்தேன்.

காலை நாலரை மணிக்குக் கண்மூடி உட்கார்ந்த வருடங்களில் இவ்வளவு தெளிவாக ஒரு முறைகூட நடந்ததில்லை.

8 டிசம்பர்

வில்லியனூர் அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். தொண்டுதான் தியானம் என்று நான் சொல்லவில்லை. அந்த ராத்திரியில் தொண்டு ஒன்றும் நடக்கவில்லை, அடிக்கக் கை ஓங்கியதுதான் நடந்தது. ‘நான்’ நன்றாகத் தலைதூக்கி நிற்கும்போதுதான் அதைப் பார்க்க முடிகிறது என்று சொல்கிறேன். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது ஒளிந்துகொள்கிறது. அமைதியே நான்தான் என்றுகூட நம்ப வைத்துவிடும்.

9 ஜனவரி 2025

தனியாக ஒரு தம்பி எழுதியிருந்தார். தூக்க மாத்திரையும் மனநல மாத்திரையும் சாப்பிடுகிறவர், விசாரணை தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே சொல்கிறேன். நிறுத்தாதீர்கள். என் சொந்தத்தில் ஒரு பையன் எங்கோ பத்து நாள் மௌனப் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு வாரம் தூங்காமல் இருந்தான். உடம்பு தனக்கு அந்நியமாக இருக்கிறது என்று அலறினான். டாக்டரிடம் கூட்டிப்போன பிறகுதான் சரியானான். ‘நான் இல்லை’ என்று திகில் அடைவதும் விசாரணையும் வேறு வேறு. பயமாக இருந்தால் எழுந்து நடங்கள், சாப்பிடுங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு வடலூர் போய் வந்தேன். குறிஞ்சிப்பாடி வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டேதான்.

சின்ன வயதிலிருந்து போகிறேன். சத்திய ஞான சபையை வள்ளலார் 1872இல் தொடங்கினார். உள்ளே ஜோதிக்குமுன் ஏழு திரை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லா நிறமும் கலந்தது. ஒவ்வொரு மாதப் பூசத்திலும் ஏழையும் விலக்கிக் காட்டுவார்கள். கூட்டத்தில் ஒரு கிழவர் பேரனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, “கறுப்பு போச்சா, இப்ப நீலம், பார்த்துக்கிட்டே இரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழாவது போனதும் பையன் கேட்டான், “விளக்குதானே தாத்தா?” கிழவர், “ஆமாண்டா, விளக்குதான்” என்றார்.

என்னை நேற்று அதிகம் பிடித்து வைத்தது சபை இல்லை, தருமசாலை. 1867 மே மாதம் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சபைக்கு ஐந்து வருடம் முன்னால் அடுப்பு. வள்ளலாரின் வரிசை இது. பசித்தவனுக்குச் சோறு முதலில், ஜோதி பிறகு. அவருக்கு ஜீவகாருண்யம்தான் திறவுகோல். ரமணர் நான் யார் என்று உள்ளே திருப்புகிறார், இவர் எதிரே இருக்கிற பசியைப் பார் என்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வள்ளலார் உடம்பே அழியாத நிலையைப் பேசியவர், ரமணர் உடம்பை நான் என்று கொள்ளாதே என்றவர். வித்தியாசம் வித்தியாசமாகவே இருக்கட்டும்.

ஆனால் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் சோற்றில் சாம்பாரைப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்ததைப் பார்த்தேன். இரண்டு நாள் சாப்பிடாதவர் போல. கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் என் இலையில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

13 பிப்ரவரி

திருத்தம். மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலக்குவார்கள், ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். நெய்வேலி நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. இத்தனை வருடம் போய்வந்தும் தப்பாக எழுதியிருக்கிறேன். ஏழாவது திரை மற்ற மாதங்களில் அப்படியே நிற்கிறது என்பது தெரிந்த பிறகு அந்தக் கிழவரும் பேரனும் இன்னொரு தடவை ஞாபகத்துக்கு வந்தார்கள்.

2 மார்ச்

லாஸ்பேட்டை சார் நாலு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். காலையில் உட்காருவதை விட்டுவிடலாமா என்கிறார். விட வேண்டாம். நானும் விடவில்லை. ஆனால் மனம் நிற்கிறதா என்று மதிப்பெண் போடுவதை விட்டுவிடுங்கள். பகலில் எரிச்சல் வரும்போது, ஸ்கூட்டரை யாராவது இடிக்கும்போது, ஆபீசில் உங்கள் வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கும்போது, அந்தச் சூட்டோடு யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் பரவாயில்லை. காலையில் உட்காருவது அந்த ஒரு தடவை மறக்காமல் இருப்பதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சாப்பாடு குறைந்துவிட்டது. என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துக்கொள்கிறார். சில நாள் அதுவும் இல்லை.

நேற்று சாயங்காலம் அவர் பயப்படுகிற நேரம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீங்க யாரு?” என்றார். முன்பெல்லாம் உன் பையன் என்று சொல்வேன், என் பையன் சின்னப் பையனாச்சே என்று இன்னும் பயப்படுவார். நேற்று பெயரோ உறவோ சொல்ல வாய் வரவில்லை. “நாந்தாம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். “நீதானா” என்றார். “சரி, விளக்கைப் போடு.”